கட்டிலருகே தேறும் பாடம்

(சமூகப் பணி மாணவர்கள், பயிற்றுநர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பராமரிப்புப் பணியாளர்களுக்கு மின்வழிப் பாடங்களும் பயிற்சிக் கருவிகளும் உருவாக்குவது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். கருவிக்குப் போவதற்கு முன் பணியாளரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட பெரியவரைப் பார்த்துக்கொள்ள, ஏஜென்சி மூலம் வந்து வீட்டோடு தங்கும் பெண்ணை ஹோம் நர்ஸ் என்கிறோம். பெரும்பாலும் அவர் நர்சிங் படித்தவர் இல்லை. முதியோர் இல்லத்தில் விடிவதற்குள் எல்லோரையும் குளிப்பாட்டி உடை மாற்றிவிடும் ஆயாக்கள் இருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் விடுதியில் இரவெல்லாம் விழித்திருக்கும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களைப் பார்த்திருப்பீர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். நம் பெற்றோரின் கடைசி ஆண்டுகள் இந்தப் பெண்களின் கைகளில்தான் கழியப்போகின்றன.

இவர்களில் பலருக்கு யாரும் எதையும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் நாள் வேலைக்குப் போனதும், "பாட்டி அந்த ரூம்ல இருக்காங்க" என்று காட்டிவிட்டு வீட்டார் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உள்ளே மூக்குவழி உணவுக்குழாய், சிறுநீர்க்குழாய், முதுகில் படுக்கைப் புண். அந்தப் பெண் அன்றே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். கேட்க ஆள் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு கைபேசி இருக்கிறது.

அந்தக் கைபேசி வழியாக அவருக்குக் கற்பிக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறவர்களில் நானும் ஒருவர். அந்த நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாடம் எழுதுகிறவரின் கண்முன் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே பாடம் நல்லதாகும் அல்லது கெடும். சான்றிதழைக் கோப்பில் வைக்கக் காத்திருக்கும் அலுவலகத்தை நினைத்து எழுதினால் ஒருவகைப் பாடம் வரும். கட்டிலில் கிடப்பவரை நினைத்து எழுதினால் முற்றிலும் வேறு பாடம் வரும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இங்கிலாந்தின் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தச் சிக்கலில் நமக்கு முன்னால் விழுந்து எழுந்த நாடு அது. அங்கே முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கும் துறையில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கும் வேலையை விட்டுப் போகிறார். புதிதாக வருகிறவருக்கு மீண்டும் மீண்டும் அடிப்படையிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 2022-இல் வெளிநாட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தபோது கேரளத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் பலர் போனார்கள். 2025 ஜூலையில் புதியவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து பாடங்களைச் சொடுக்கித் தள்ளியதைப் பலரும் சொல்வார்கள்.

அந்தப் பாடங்கள் வந்த பின்னணியைப் பார்ப்போம். 2011-இல் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் விடுதி மருத்துவமனையில் கற்றல் குறைபாடுள்ளவர்களைப் பணியாளர்கள் அடித்துத் துன்புறுத்துவதை பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி மறைவாகப் படம்பிடித்துக் காட்டியது. 11 பேர் குற்றவாளிகளானார்கள், 6 பேர் சிறைக்குப் போனார்கள். 2013 பிப்ரவரியில் மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனையின் அவலங்களைப் பற்றி ஃபிரான்சிஸ் அறிக்கை வந்தது. அதையொட்டி, பதிவுபெற்ற செவிலியர் அல்லாத உதவிப் பணியாளர்களின் நிலையை ஆராய கமில்லா கேவெண்டிஷ் என்ற பத்திரிகையாளரை அரசு நியமித்தது. சில இடங்களில் ஒரு டிவிடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னதே மொத்தப் பயிற்சியாக இருந்தது அந்த ஆய்வில் தெரியவந்தது. டிவிடி என்பது அன்றைய மின்வழிக் கற்றல்தான். பார்த்துவிட்டாய், போய் வேலை செய் என்றார்கள். பார்த்தவருக்குப் புரிந்ததா, கை பழகியதா என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆய்வின் விளைவாக 2015 ஏப்ரலில் கேர் சர்டிஃபிகேட் என்ற முறை வந்தது. தொடக்கத்தில் 15 தகுதிநிலைகள். அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் காப்பது, உணவும் நீரும், துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பது, தொற்றுத் தடுப்பு, அடிப்படை உயிர்காப்பு என்று போகும். அதன் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, திறமையை உண்மையான வேலை நடக்கும் இடத்தில், தகுதியுள்ள ஒருவர் நேரில் பார்த்துத்தான் சான்றளிக்க வேண்டும் என்பது. கணினிப் பாடம் அறிவைத் தரலாம், அதை முடித்ததை மட்டும் வைத்துச் சான்றிதழ் தரக்கூடாது. விதி தெளிவாகத்தான் இருந்தது. நடைமுறையில், ஒரே நாளில் 15 பாடங்களையும் கணினியில் முடித்துச் சான்றிதழ் தருவதாக விற்கும் கடைகள் முளைத்தன. ஓரிடத்தில் பெற்ற சான்றிதழை அடுத்த இடம் நம்ப மறுத்தது. அதே பணியாளர் அதே பாடத்தை இடம் மாறும்போதெல்லாம் திரும்பப் படித்தார். நல்ல விதியைச் சந்தை எப்படித் தின்னும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி அங்கே நடந்த நல்லதைச் சொல்கிறேன். ஆலிவர் மெகவன் என்ற பதினெட்டு வயது இளைஞர். ஆட்டிசமும் இலேசான கற்றல் குறைபாடும் வலிப்பும் உள்ளவர். 2016-இல் வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனநோய்க்கான மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. அந்த வகை மருந்து கொடுக்கப்பட்டது. அவர் அந்த நவம்பரில் இறந்துபோனார். அவருடைய தாய் பவுலா மெகவன் அழுது ஓயவில்லை. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்களைப் புரிந்துகொள்ள எல்லாப் பணியாளருக்கும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்று போராடினார். 2022-இன் சுகாதாரப் பராமரிப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பயிற்சிக்கு அவருடைய மகனின் பெயரே வைக்கப்பட்டது.

அந்தப் பயிற்சி கட்டப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். முதலில் ஏறக்குறைய 90 நிமிட மின்வழிப் பாடம், எல்லோருக்கும் பொது. அது முடிந்ததோடு பயிற்சி முடியாது. பொதுவான பணியில் இருப்பவர்கள் அடுத்து ஒரு மணி நேரம் இணையம் வழியாக நேரடி உரையாடலில் கலந்துகொள்ள வேண்டும். நேரடியாகப் பராமரிப்பவர்கள் ஒரு முழு நாள் நேரில் வர வேண்டும். அந்த உரையாடலையும் அந்த நாளையும் நடத்துகிறவர்களில் ஆட்டிசம் உள்ளவரும் கற்றல் குறைபாடுள்ளவரும் இருக்க வேண்டும், அதற்கு அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். பராமரிக்கப்படுகிறவர் ஆசிரியராக வந்து உட்காருகிறார். "நான் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள்" என்று அவர் வாயாலேயே கேட்கும்போது கற்றுக்கொள்வதை எந்தத் திரைப்படமும் கற்றுத்தராது. 90 நிமிடப் பாடம் அந்தச் சந்திப்புக்கு ஆளைத் தயார் செய்கிறது. மின்வழிப் பாடத்துக்கு இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பீகாரில் 2012-இல் பிபிசி மீடியா ஆக்‌ஷன் மொபைல் அகாடமி என்ற ஒன்றைத் தொடங்கியது. ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குமானது. அன்று அவர்களிடம் இருந்தவை பொத்தான் கைபேசிகள். இணையம் இல்லை, குறுஞ்செய்தி படிப்பதே பலருக்குச் சிரமம். அதனால் பாடம் முழுவதையும் குரலாக்கினார்கள். ஓர் எண்ணை அழைத்தால் டாக்டர் அனிதா என்ற கற்பனைப் பாத்திரம் பேசுவார். பின்னர் வேறு மாநிலங்களுக்கும் விரிந்தபோது அது 240 நிமிடப் பாடமாக இருந்தது: 11 அத்தியாயம், ஒவ்வொன்றிலும் 4 பாடம், முடிவில் வினாக்கள். அடுப்பில் பால் பொங்கினால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். மறுபடி அழைத்தால் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். இந்த ஒரு வசதியை யோசித்தவர் ஒரு பெண்ணின் நாள் எப்படித் துண்டுதுண்டாகக் கழிகிறது என்பதை உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதோடு மொபைல் குஞ்ஜி என்று இன்னொன்றும் செய்தார்கள். ஒரு வளையத்தில் கோத்த 40 படஅட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எண். பணியாளர் கர்ப்பிணியின் வீட்டில் உட்கார்ந்து அட்டையைக் காட்டுவார், எண்ணை அழைத்து டாக்டர் அனிதாவின் குரலை மாமியார், கணவர் எல்லோரும் கேட்கும்படி செய்வார். "இவ சொல்றதை நாம எதுக்குக் கேக்கணும்" என்று நினைக்கும் வீட்டில் அந்தக் குரல் பணியாளருக்குத் துணையாக நின்றது. கற்பதும் வேலை செய்வதும் ஒரே நேரத்தில், ஒரே திண்ணையில் நடந்தன.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2021-இல் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கைபேசி பழுதாகிக்கொண்டே இருந்தது, செயலி ஆங்கிலத்தில் இருந்தது. தொழில்நுட்பம் அவர்களுக்கு வராது என்று அப்போது சிலர் பேசினார்கள். அது அநியாயமான பேச்சு. தன் மொழியில் இல்லாத, தன் கைபேசியில் ஓடாத ஒன்றை ஒதுக்கியது பணியாளரின் குறை ஆகாது.

மாணவர்களே, நாளை பாடம் உருவாக்கப்போகிறவர்கள் நீங்கள். ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். பக்கவாதம் வந்தவருக்குச் சோறு ஊட்டுவது. எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வந்துவிடும், உயிரே போகலாம். சிலருக்குப் புரையேறாமலே, இருமல் இல்லாமலே உள்ளே இறங்கும். அதுதான் பெரிய ஆபத்து.

பாடத்தில் என்ன வரவேண்டும்? நிமிர்த்தி உட்கார வைப்பது, தலை பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்வது, சிறு கரண்டியால் நன்றாக இருக்கும் பக்கத்துக் கன்னத்தில் ஊட்டுவது, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்தபிறகே அடுத்தது, செயலிழந்த பக்கக் கன்னத்தில் சோறு தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் இருப்பது. குரல் ஈரமாகக் கரகரத்தால், கண்ணில் நீர் வந்தால், மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டுச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்வது. இவ்வளவையும் மூன்று நிமிட வீடியோவில் காட்டிவிடலாம். ஏறி இறங்கும் மருத்துவமனைக் கட்டிலில் அதைப் படம்பிடிக்காதீர்கள். நம் வீடுகளில் இருப்பது மரக்கட்டிலும் இரண்டு தலையணையும். அதில் ஒருவரை எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது என்பதைக் காட்டுங்கள். பேசும் குரல் அவர்கள் பேச்சில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குக் கோப்பு சிறிதாக இருக்கட்டும். அவர்கள் கைபேசியில் பேரக்குழந்தைகளின் படங்களே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

பிறகு கேள்வி. "ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும்: சரியா, தவறா?" என்று கேட்டால் பாடம் பார்க்காதவரும் சரி என்பார். இப்படிக் கேளுங்கள்: தாத்தாவுக்குக் காலைச் சாப்பாடு. மகளுக்கு ஆபீஸ் நேரமாகிறது. "அக்கா, சீக்கிரம் ஊட்டிடுங்க, மாத்திரை குடுத்துட்டு நான் கிளம்பணும்" என்கிறார். இரண்டாவது வாய்க்கே தாத்தா இருமுகிறார். என்ன செய்வீர்கள்? மகளிடம் என்ன சொல்வீர்கள்? "அம்மா, இருமல் வருது, இப்ப ஊட்டக் கூடாது, டாக்டருக்கு ஒரு போன் பண்ணிடுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லும் துணிவு வேண்டும். ஊட்டும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். சொல்லும் துணிவு இல்லாததால்தான் தவறு நடக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழக வைப்பதும் பாடத்தின் வேலை.

இவ்வளவும் திரையில் முடியும். மீதி முடியாது. ஒருமுறையாவது தெரிந்த செவிலியர் பக்கத்தில் நிற்க, அந்தப் பெண் உண்மையான ஒருவருக்கு ஊட்ட வேண்டும். ஆளைக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பதும் நாற்காலிக்கு மாற்றுவதும் இன்னும் கண்டிப்பாக நேரில்தான் பழக வேண்டும். தப்பாகத் தூக்கினால் நோயாளி விழுவார், தூக்குகிறவரின் இடுப்பு போய்விடும். பணியாளரின் உடம்பையும் மனத்தையும் பற்றிய பாடம் நம் பட்டியல்களில் அநேகமாக இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். இரண்டு வருடம் பார்த்துக்கொண்ட பாட்டி இறந்த மறுநாளே ஏஜென்சி அவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவருக்கும் துக்கம் உண்டு. வேலை செய்யும் வீட்டில் யாராவது தவறாக நடந்துகொண்டால் யாரிடம் சொல்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் முதல் பாடத்திலேயே வையுங்கள்.

அடுத்தது நேரம். 1885-இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதையும் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்பதையும் அளந்து காட்டினார். 2018-இல் தொடங்கிய போஷன் அபியான் என்ற ஊட்டச்சத்துத் திட்டம் அங்கன்வாடிப் பயிற்சியை 21 சிறு பகுதிகளாகப் பிரித்து, மாதக் கூட்டத்தில் ஒன்றைக் கற்று, களத்தில் செய்து பார்த்து, அடுத்ததற்குப் போகும்படி அமைத்தது. அந்த யோசனை சரியானது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கி வளர்ந்த நோய்த்தணிப்பு இயக்கமும் தன் தன்னார்வலர்களுக்குச் சில மணி நேர வகுப்பை வைத்துவிட்டு, பிறகு செவிலியரோடு வீடுகளுக்கு அனுப்பிப் பழக்கியது. சிறிது படி, போய்ச் செய், திரும்பி வந்து கேள். இந்த வரிசையில் வைத்தால் கைபேசிப் பாடம் மிக நன்றாக வேலை செய்யும்.

அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பிரிட்டனில் வேலைக்குக் கட்டாயமான பயிற்சி நேரம் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி வேலை நேரம்தான். இங்கே, "போன்லதானே, ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறோம். பகலெல்லாம் குனிந்து நிமிர்ந்த பெண் இரவு பத்து மணிக்குச் சமையல் முடித்து உட்கார்ந்து நம் பாடத்தைப் பார்க்க வேண்டுமாம். அவர் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிப்போனால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மின்வழிப் பயிற்சி செலவைக் குறைக்கும் என்பது உண்மை. வாடகை மண்டபமும் பேருந்துச் செலவும் மிச்சமாகும். அந்தப் பணம் பணியாளரின் படிக்கும் நேரத்துக்கும், அவர் வேலையை நேரில் பார்த்துத் திருத்தும் செவிலியரின் சம்பளத்துக்கும் போகவேண்டும். வேறு எதற்குப் போனாலும் பயிற்சி கெட்டது என்றே சொல்வேன்.

பயிற்சியை அளக்கும் விதமும் மாற வேண்டும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகள் சொன்னார்: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அவர் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. நாம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம். எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்ற எண்ணிக்கையை அமைச்சர் மேடையில் வாசிக்கிறார். எத்தனை பேருடைய படுக்கைப் புண் ஆறியது, எத்தனை பேர் புரையேறாமல் சாப்பிட்டார்கள் என்று கேட்பவர் இல்லை. கட்டிலருகே போய்ப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது. அதனால்தான் கேட்காமல் இருக்கிறோம்.

மாணவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மின்வழிப் பாடம் கட்ட உதவும் மூடில், ஹெச்5பி போன்ற இலவசக் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அதற்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் இரவு ஷிப்ட் முழுவதும் ஓர் ஆயாவோடு இருங்கள். கட்டிலில் இருப்பவரிடம், "உங்களைப் பாத்துக்கிறவங்களுக்கு நாங்க என்ன சொல்லிக்கொடுக்கணும் தாத்தா?" என்று கேளுங்கள். பேச முடியாதவராக இருந்தால் கண்ணையும் கையையும் பாருங்கள். எழுதிய பாடத்தை அந்த ஆயாவிடமே முதலில் காட்டி, அவர் முகம் சுளிக்கும் இடத்தையெல்லாம் திருத்துங்கள். திருத்தித் தந்ததற்கு அவருக்கும் பணம் கொடுங்கள், ஆசிரியர் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரையும் போடுங்கள். முடிந்த பாடத்தைப் பூட்டிவைக்காமல் எந்த இல்லமும் எந்த ஏஜென்சியும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வையுங்கள். தமிழில் அப்படிப்பட்ட பாடங்கள் மிகக் குறைவு. உங்கள் துறையின் இந்த ஆண்டுத் திட்டப்பணியிலேயே அதைத் தொடங்கலாம். தொடங்குங்கள்.